எடை கேட்டீர்கள், எடை கொடுத்தாள்

எஸ்தர் மேடம் போன செவ்வாய்க்கிழமை காலை இறந்துபோனார். சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒன்றரை வருஷமாக டயாலிசிஸில் இருந்தவர். செய்தி என் மண்டிக்குப் போனில் வந்தது. வெளியே லாரியிலிருந்து பொன்னி அரிசி இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய தம்பிதான் பேசினார். "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" வியாபாரம் பண்ணியே பழகிய வாய். எண்ணைத்தான் முதலில் கேட்கும். போனை வைத்துவிட்டு லோடு இறங்கி முடிகிறவரை அங்கேயே நின்றேன். எத்தனை மூட்டை இறங்கியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் தனியாக வீடெடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற என் மகள் உமாவைக் கூப்பிட்டேன். "உமா, மேடம்…" என்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நீங்க கிளம்புங்கப்பா, நான் நேரா வந்துடறேன்" என்றாள்.

சேலையூரில் அவர் வீட்டு வராந்தாவில் கிடந்த மர பெஞ்சை உங்களுக்குத் தெரியும். இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். நாம் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பேப்பரை விரித்து அதற்குள் ஒளிந்துகொள்வோம். என்னிடம் மாதாமாதம் அரிசி வாங்குகிறவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நானும் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பேன், அவரும் அதையே பார்ப்பார். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வந்தவன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். இத்தனைக்கும் அது ஆஸ்பத்திரியும் இல்லை. அவர் டாக்டரும் இல்லை. "நான் மருந்து எழுத மாட்டேன் சார், பேசறவ" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். மனசைப் பற்றிப் படித்தவர். பகலில் பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, சாயங்காலம் வீட்டு முன்னறையில் நமக்கு.

எழுதச் சொல்லி மேடத்தின் தம்பி கேட்டபோது தயங்கினேன். நான் படித்தது எட்டாவது. அதைவிட, இதை எழுதினால் என் வீட்டுக் கதையை எழுத வேண்டும். உமாவைக் கேட்டேன். "என் பேரைப் போட்டே எழுதுங்கப்பா. மறைச்சு மறைச்சுத்தான் அந்த கதிக்கு வந்தோம்" என்றாள். ஒரு கண்டிஷன் மட்டும் போட்டாள். அவள் எடை எத்தனை கிலோ இருந்தது, எத்தனைக்கு இறங்கியது என்று எழுதக் கூடாது. அந்த எண்ணைப் படித்துவிட்டு வேறு ஏதாவது ஒரு பெண் அதைத் தன் இலக்காக வைத்துக்கொள்வாள் என்றாள். அது மேடம் சொல்லிக்கொடுத்தது. அதனால் அந்த எண்கள் இதில் இருக்காது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆயுதபூஜை. எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. பிளாட்பாரத் தராசுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி முடித்ததும், முதலில் அரிசி மூட்டை ஏறாது. கடைக்காரன் வீட்டுப் பிள்ளைகள் ஏறி நிற்க வேண்டும். யாராவது ஒருவர் எடையைச் சத்தம் போட்டுச் சொல்லுவார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். பிள்ளை வளர்ந்தது மாதிரி வியாபாரம் வளரும் என்று ஒரு நம்பிக்கை. அந்த வருஷம் உமாவுக்குப் பதினாறு வயது. ஏற மாட்டேன் என்றாள். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன். என் லோடுமேன் மாரி தராசுத் தண்டின் குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டுக் கத்தினான். "முதலாளி, பாப்பா முக்கா மூட்டை கீது!"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. லாரிக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், எல்லோரும். அதிகமாகச் சிரித்தவன் நான். மண்டி செழிப்பாக இருக்கிறது என்பதற்கு என் மகள் சாட்சி என்று எனக்குப் பெருமை. அன்றிலிருந்து மாரி அவளைப் பார்த்தால் "இன்னா முக்கா மூட்டை" என்பான். நானும் வீட்டில் அப்படியே கூப்பிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

தீபாவளிக்குப் பலகாரம் தொடவில்லை. பொங்கலுக்குள் ராத்திரிச் சாப்பாடு நின்றது. அப்புறம் காலையில். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற டிபன் நாய்க்குப் போனது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். மாதாமாதம் வருவது நின்றுவிட்டது என்று கமலா, என் மனைவி, ஒருநாள் என்னிடம் வந்து அழுதாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டி.பி. என்று நினைத்து எக்ஸ்ரே எடுத்தோம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். டானிக் ஒரு அலமாரி நிறைய. குன்றத்தூர் முருகனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டு, கொட்டியது போக மிச்சமிருந்ததையும் எடுத்தோம். வேப்பிலை அடித்தோம். மார்க்கெட்டில் பேச்சு வந்துவிட்டது. "அரிசி மண்டிக்காரன் வூட்ல பொண்ணு பட்டினியாமே!"

நான் பசி தெரியாதவன் இல்லை. செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் நொய் கட்டிக்கொண்டு வந்து தெருத்தெருவாக விற்றவன். கட்டிக்கொண்டு வந்த நொய்யையே ஒரு பிடி வாயில் போட்டு மென்றுகொண்டு மிதித்தவன். என் பிள்ளை பசிக்கக் கூடாது என்றுதான் இத்தனையும் சம்பாதித்தேன். கூடத்தில் மூட்டை அடுக்கியிருக்கிற வீட்டில் ஒருத்தி சாப்பிடாமல் இருப்பது எனக்குத் திமிராகத்தான் தெரிந்தது. ஒருநாள் அறைந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் தெரு டாக்டர்தான் கடைசியில், "இது வயித்து வியாதி இல்ல, எஸ்தர் மேடத்தைப் போய்ப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கமலாவுக்கு ஒப்பவில்லை. "பேசறதுக்கா காசு? நான் பேசலையா அவகிட்ட? ஜெபம் பண்ணி வேதத்துல சேத்துடப் போறாங்க" என்றாள். மேடம் வீட்டில் ஒரு சிலுவை மாட்டியிருந்தது உண்மைதான். நான்கு வருஷத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் நாள் என்னையும் கமலாவையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உமாவை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். குட்டையான உருவம், கதர்ப் புடவை, மேசையில் ஆறிப்போன காப்பி. நான் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"எத்தனை சிட்டிங் மேடம்? மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்க, பேசி முடிச்சுக்கலாம்."

"மொத்தமா சொல்ல முடியாது சார்."

"உத்தேசமா?"

"உத்தேசமும் தெரியாது. ஒரு வருஷம் ஆகலாம், மூணு ஆகலாம். முழுசா சரியாகாமயும் போகலாம்."

"கேரண்டி இல்லாத சரக்கை யாரு மேடம் வாங்குவா?"

"நான் சரக்கு விக்கல. உங்க பொண்ணு சாகாம இருக்கறதுக்கு அவளுக்கு ஹெல்ப் பண்ணப் பாக்கறேன். அதுவும் அவ ஒத்துக்கிட்டா."

சாவு என்ற பேச்சை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. டாக்டர்கள்கூட "வீக்கா இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் பருப்பு விலை சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். இந்த வியாதிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். இது பிடிவாதம் இல்லை, திமிர் இல்லை, பேய் இல்லை, சாப்பிடு என்று சொல்வதால் போகாது என்றார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார். வீட்டில் யாரும் அவளைச் "சாப்டியா" என்று கேட்கக் கூடாது. சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்க்கக் கூடாது. மூன்றாவது, எடை போடக் கூடாது.

"எடை பாக்கறது என்கூட இருக்கற லேடி டாக்டர் வேலை. முதுகைக் காட்டி நிக்கவெச்சுப் பாப்பாங்க, அவளுக்கே நம்பர் தெரியாது. உங்களுக்கும் சொல்ல மாட்டாங்க. ஆபத்துன்னா மட்டும் சொல்வாங்க."

"நான் அப்பன் மேடம்."

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்க அப்பா. தராசு இல்ல."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மண்டியில் தலையாட்டுவதற்கு ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டேன் என்றுதான் அர்த்தம்.

கமலா பாடு பெரும்பாடு. "சாப்டியான்னு கேக்காத வூடு ஒரு வூடா?" என்று முணுமுணுப்பாள். உமா படி ஏறும்போதே அந்தக் கேள்வி வாசல் வரைக்கும் வந்துவிடும். முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். யோசித்துப் பாருங்கள், நமக்கெல்லாம் ஒருவரைப் பார்த்ததும் பேச அதை விட்டால் வேறென்ன இருக்கிறது? ஒரு வாரம் நாங்கள் மூன்று பேரும் வாயே திறக்கவில்லை. கேட்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான், அவளிடம் கேட்க எங்களுக்கு வேறு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

ஆனால் என்னால் எண் இல்லாமல் இருக்க முடியவில்லை. கண்ணால் பார்க்காத சரக்கை நம்புகிறவன் மண்டி நடத்த முடியாது. இரண்டாம் மாதம் உமாவிடம் தனியாகப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை மண்டி மூடியிருக்கும்போது வந்து தராசில் நில், மேடத்துக்குத் தெரிய வேண்டாம், நான் சொல்கிற எடைக்கு வந்துவிட்டால் காலேஜுக்குப் போக மொபெட் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் "சரிப்பா" என்றாள்.

எடை ஏறியது. முதல் வாரம் அரைக் கிலோ. அடுத்து ஒன்று. பாவாடை தாவணியோடு ஏறி, அசையாமல் நிற்பாள். நான் குண்டை நகர்த்தி முள் நேராக நிற்பதைப் பார்ப்பேன். எண்ணை ஷட்டரின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவேன். ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடப் பெரிய எண். சந்தோஷம் தாங்காமல் ஒருநாள் மேடத்திடமே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது.

"டாக்டரம்மா பாக்கற எடை அப்படி ஏறல சார்."

"உங்க டாக்டரம்மா தராசுக்கு முத்திரை இருக்கா மேடம்? என்னுது கவர்மென்ட் முத்திரை போட்டது. கால் கிலோ தப்பாது."

"உமாவை ஏன் இங்க வராம நிறுத்திட்டீங்க?"

"தேறிட்டா மேடம். இனிமே நாங்களே பாத்துக்கறோம்."

அவர் வாக்குவாதம் பண்ணவில்லை. அப்போது கோபப்பட்டிருந்தால் நானும் கோபமாக எழுந்து வந்திருப்பேன். "நிறுத்தறது உங்க இஷ்டம். டாக்டரம்மாகிட்ட நாடியும் ரத்தமும் மட்டும் விடாம பாருங்க. இந்தக் கதவு திறந்துதான் இருக்கும்" என்றார். நான் நாடியும் பார்க்கவில்லை, ரத்தமும் பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, எடைக்கல்லுக்கு வருஷ முத்திரை போடுகிற நேரம் வந்தது. சில்லறைத் தராசுக்கு வைத்திருந்த இரும்புக் கற்களை எடுத்து அடுக்கினேன். இரண்டு கிலோக் கல் இரண்டு இல்லை. ஒரு கிலோ ஒன்று, அரைக் கிலோ ஒன்று. மாரியைப் பிடித்துக்கொண்டேன். பழைய இரும்புக் கடையில் போட்டுக் குடித்துவிட்டாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன்.

"இன்னா முதலாளி பேசுற? பதினஞ்சு வருசமா உன் மூட்டையத் தூக்கிகினு கீறேன். நாலு இரும்புக்கா கைய நீட்டுவேன்? பேஜார் பண்ணாத, நாளைலேந்து நான் வரல!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த நாள் ஞாயிறு. வரமாட்டேன் என்றவன், கணக்கைத் தீர்த்துக்கொண்டு போக வந்து மூலையில் நின்றிருந்தான். உமா தராசில் ஏறினாள். நான் முள்ளைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் மொபெட்டு" என்றேன். திரும்பிப் பார்ப்பதற்குள் சாய்ந்து தரையில் விழுந்தாள். விழும்போது இரும்புச் சத்தம் கேட்டது. கமலாவின் பழைய சேலைக் கிழிசலில் முடிந்து இடுப்பில் கட்டியிருந்தது அவிழ்ந்து, என் எடைக்கற்கள் நான்கும் சிமெண்டுத் தரையில் உருண்டன. என் பெயரின் முதலெழுத்து பெயிண்டில் போட்ட கற்கள். மொத்தம் ஐந்தரைக் கிலோ. அவள் கண் செருகிக் கிடக்கும்போது என் மண்டைக்குள் கழித்தல் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. நான் நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை.

மாரிதான் அவளைத் தூக்கினான். முழு மூட்டையைத் தோளில் போட்டு நடக்கிறவன், அவளைத் தூக்கியதும் ஒரு கணம் தடுமாறினான். அத்தனை பலம் கொடுத்துத் தூக்க அங்கே ஒன்றுமில்லை. "முதலாளி, கனமே இல்ல முதலாளி" என்றான். ஆட்டோ வருகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவன் அவளை உமாம்மா என்று மட்டும்தான் கூப்பிட்டான். திருட்டுப் பட்டம் கட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "அத வுடு முதலாளி. முக்கா மூட்டைன்னு வாய வச்சவன் நானு" என்றான்.

ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். ரத்தத்தில் உப்பு குறைந்து இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார்கள். இரண்டு ராத்திரி உறுதி சொல்லவில்லை. மேடம் தினமும் வந்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். நான் அவரைக் கண்டால் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விடுவேன்.

ஒன்பதாம் நாள், துணி மாற்ற வீட்டுக்கு வந்தவன் ஒரு மணி நேரம் மண்டியில் உட்கார்ந்தேன். மேடம் வீட்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் அந்த மாத வாடிக்கைக்காரர், ரயில்வேக்காரர், வந்தார். அவருடைய பெண்ணும் உமாவுக்கு இருந்த அதே வியாதிக்குத்தான் மேடத்திடம் வந்துகொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறவள். சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு கோயிலில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அவர் வழக்கத்துக்கு மாறாக அரை மூட்டை பச்சரிசி கேட்டார். நான் பேச்சுக்குக் கேட்டேன், "இன்னா சார், வீட்ல விசேஷமா?" அவர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தபடியே, "வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம்" என்றார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "உங்க பொண்ணு?" என்றார். ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அங்கிருந்து நேராகச் சேலையூருக்குப் போனேன். சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். நான் அழுதேன். "என்னையே ஏமாத்திட்டா மேடம், என் கல்லை வெச்சே என்னை ஏமாத்திட்டா" என்றேன். அவர் சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"எங்க ஏமாத்தினா? கடைல வளர்ந்த பொண்ணு சார். நீங்க எடை கேட்டீங்க, எடை கொடுத்தா."

ரயில்வேக்காரர் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார், கேட்டைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை பஸ் ஸ்டாண்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம். "மூணாவது தடவை போயிருக்கணும். போகல" என்றார். தன் தப்பை இப்படி நேராக ஒத்துக்கொள்கிற படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த முக்கா மூட்டைச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லமாட்டாரா என்ற ஆசை. "அதுவும் இருக்கும். அது மட்டும் இருக்காது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிச்சா நிம்மதி உங்களுக்குத்தான், அவளுக்கு இல்ல. வாங்க, இனிமே பண்ண வேண்டியதைப் பேசலாம்" என்றார்.

அடுத்த மூன்று வருஷத்தை நான் முன்னேற்றம் என்று எழுதினால் பொய். ஏறும், இறங்கும். மறுபடி ஒரு தடவை ஆஸ்பத்திரி. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிற பழக்கம் நடுவில் வந்து, பல்லெல்லாம் அரித்துப்போனது. ஒரு சிட்டிங்கில் என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். நிபந்தனை, பத்து நிமிஷம் உமா பேசுவாள், நான் வாய் திறக்கக் கூடாது. அவள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள். "நான் தராசுல நிக்கும்போது நீங்க ஒருதரம்கூட என் மூஞ்சியப் பாக்கலப்பா. முள்ளைத்தான் பாத்தீங்க. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." எனக்கு ஆயிரம் பதில் வந்தது. மேடம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். அதற்காக ஏழரைக்கு ஷட்டரை இழுத்தேன், மார்க்கெட்டே சிரித்தது. சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது, அரிசி விலையும் அதில் சேர்த்தி என்றார். "அப்போ நான் இன்னாதான் மேடம் பேசறது?" என்றேன். "அதைத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்" என்றார். தாம்பரத்தில் ரயில் தவறவிட்ட கதை, செம்பாக்கம் ஏரியில் நான் முங்கிப் பிழைத்த கதை என்று ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். என் மகளுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேடத்தைத் தெய்வம் என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. முன்கோபி. உமாவின் காப்பியில் நெய் கலந்து கொடுத்த கமலாவை, பெஞ்சில் இருப்பவர்கள் காதில் விழும்படி திட்டியிருக்கிறார். மறுவாரம் மன்னிப்பும் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய அரிசி மூட்டையை அதே வண்டியில் திருப்பினார். "உங்ககிட்ட கடன்பட்டா உங்கள எப்படி நான் திட்டறது?" என்றார். என் கடை அரிசி அந்த வீட்டில் ஒருநாளும் வேகவில்லை.

கடைசியாக இரண்டு மாதம் முன்னால் பார்த்தேன். முகம் ஊதி, கை ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. "இப்ப என்னை நிறுக்கறாங்க சார். மெஷின்ல படுக்க முன்னாடி ஒருதரம், எழுந்த பிறகு ஒருதரம்" என்றார். "முதுகைக் காட்டி நில்லுங்க மேடம்" என்றேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அந்தப் பழைய கேள்வி வாய் வரைக்கும் வந்தது, முழுங்கினேன். அதையும் பார்த்துவிட்டார். "கேளுங்க. எனக்கு அந்த வியாதி இல்ல, என்னைக் கேக்கலாம்."

"சாப்டீங்களா மேடம்?"

"ரெண்டு இட்லி. உப்பில்லாம. நல்லாவே இல்ல."

கிளம்பும்போது சொன்னார். "நான் போன பிறகு உமாவுக்கு ஒரு ஆட்டம் இருக்கும். அவகிட்டயும் சொல்லிட்டேன். வேற ஒருத்தங்க பேரும் எழுதிக் கொடுத்திருக்கேன். அவ சொன்னா நீங்க கத்தாதீங்க."

அடக்கத்துக்கு வந்தவர்களில் பெஞ்சுக்காரர்கள் நிறைய. ரயில்வேக்காரரும் வந்திருந்தார். மண் போட வரிசையில் நிற்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. உமா எங்களோடு வீட்டுக்கு வந்தாள். குளித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பார்க்கக் கூடாது என்று பார்வையைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்தேன். எஸ்தர் மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். முள்ளைப் பார்த்தே வளர்ந்த கண்ணை முகத்துக்குத் திருப்பக் கற்றுக்கொண்டது. அவள் முகத்திலேயே இருந்தது, நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, மேடம் படுத்ததிலேந்து எனக்கு மறுபடி ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

கமலா கையில் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றாள். நான் கத்தவில்லை. பத்து வருஷம் முன்னால் இடுப்பில் இரும்பைக் கட்டிக்கொண்டவள், இன்று தானாகச் சொல்கிறாள் என்பதை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டேன். "மேடம் கொடுத்த பேர் இருக்கா?" என்றேன்.

"பர்ஸ்ல இருக்கு. எழும்பூர் பக்கம். தனியா போக பயமா இருக்குப்பா."

"நான் வர்றேன்."

"கண்டிஷன் இருக்கு."

"சொல்லும்மா."

பேசி முடித்தது இவ்வளவுதான். சனிக்கிழமைதோறும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டு பேரும் போவது. வண்டியில் சாப்பாட்டுப் பேச்சு கிடையாது. நான் வெளியே பெஞ்சில் உட்காருவேன், பேப்பரால் முகத்தை மறைக்க மாட்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்க மாட்டேன். எத்தனை நாளில் சரியாகும் என்று அவளையும் கேட்க மாட்டேன், அந்தப் புதியவரையும் கேட்க மாட்டேன். அவள் பங்குக்கு ஒன்று, மோசமானால் மறைக்க மாட்டாள். எடை இல்லை. கெடு இல்லை.